பத்தும் ஒன்றுபோல நீந்தட்டும்: மரத்தில் தூண்டில் மீன் செய்து சம்பாதிக்க ஒரு வழிகாட்டி

ஒரு மரத்துண்டைச் சீவி, வண்ணம் பூசி, முள் மாட்டி, பார்த்தால் மீன் என்றே நினைக்கும்படி செய்துவிடலாம். கைத்திறன் உள்ளவருக்குச் சில வாரப் பழக்கம் போதும். அதேபோல் பத்து செய்து, பத்தும் தண்ணீரில் ஒரே மாதிரி ஆடும்போதுதான் அது தொழிலாகிறது. வாங்குகிறவர் முதல் உருப்படியை அழகுக்காக வாங்குவார். அது பாறையில் சிக்கி அறுந்துபோனால், "அதே மாதிரி இன்னொன்று வேண்டும்" என்று கேட்டு வருவார். அந்த இரண்டாவது விற்பனைதான் உங்கள் சம்பளம். இந்தக் கட்டுரை முழுக்க அதற்கான ஏற்பாடுதான்.

தூண்டிலில் மாட்டும் இந்தப் பொய்மீனை மீன்பிடிப்பவர்கள் லூர் என்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

திருவனந்தபுரத்துக் கரமனையில் என்ன வசதி?

ஆறு ஊருக்குள்ளேயே ஓடுகிறது. தெற்கே வெள்ளாயணி நன்னீர் ஏரி. கடற்கரைக்குப் போனால் விழிஞ்ஞம். இன்னும் தெற்கே நெய்யாறு கடலில் சேரும் பூவாறு. கிள்ளிப்பாலம் தாண்டினால் சாலைக் கடைத்தெரு. கம்பி, பசை, வார்னிஷ், உப்புத்தாள் எல்லாம் அங்கே கிடைக்கும்.

கைத்திறன் மரபும் இந்த நகரத்துக்குப் புதிதல்ல. திருவிதாங்கூர் மகாராஜா விக்டோரியா மகாராணிக்கு அனுப்பிய தந்தச் சிம்மாசனம் 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டது. பின்னாளில் சட்டம் வந்தது: 1986 திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தையும், 1991 திருத்தம் ஆப்பிரிக்கத் தந்த வணிகத்தையும் நிறுத்தின. தந்தத்தில் வேலை பார்த்த குடும்பங்கள் பல மரத்துக்கு மாறின. பொருளும் வாடிக்கையாளரும் மாறினாலும் உளி பிடித்த கை பிழைத்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிடப் பக்கத்துச் சான்று வேண்டாம். தச்சு, சிற்பம், வாகன பெயின்டிங், பொம்மை வேலை இவற்றில் ஒன்று தெரிந்திருந்தாலும் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள்.

முதலில் மீனைத் தேர்ந்தெடுங்கள்

"எல்லா மீனுக்கும் செய்வேன்" என்று தொடங்குபவர் எதற்கும் சரியாகச் செய்ய மாட்டார். இந்த வட்டாரத்தில் மூன்று வகை வாடிக்கையாளர்கள் உண்டு.

வரால் பிடிப்பவர்கள்: வெள்ளாயணி, வயல், வாய்க்கால், குளம். பாசிக்கு மேலே தத்திப் போகும் தவளை வடிவம் கேட்பார்கள். எடை சுமார் 8 முதல் 15 கிராம். முள் மேல்நோக்கி உடலோடு ஒட்டி நிற்க வேண்டும். இல்லையென்றால் புல்லைத்தான் பிடிக்கும்.

கழிமுகத்தில் பிடிப்பவர்கள்: கொடுவா, செம்பல்லி. முன்னால் உதடு வைத்த, 7 முதல் 11 செ.மீ. நீளமுள்ள சின்ன மீன் வடிவம். செம்பல்லி கடித்ததும் கல் இடுக்குக்குள் இழுத்துக்கொண்டு ஓடும். கம்பி உறுதியாக இல்லாவிட்டால் உங்கள் பெயரும் அதோடு போகும்.

பாறையிலும் படகிலும் நின்று வீசுபவர்கள்: பாரை, சீலா. வாய் குழிந்த பாப்பர், உருண்டு நீண்ட பென்சில். 40 கிராமுக்கு மேல் எடை, தூரம் போக வேண்டும்.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்து ஒரு வருடம் அதையே செய்யுங்கள். ஆலையில் வார்த்த பிளாஸ்டிக் லூரோடு விலையில் போட்டியிட முடியாது. இந்த ஊர் மீனுக்கு ஏற்ற எடை, இந்த ஊர் இரைமீனின் நிறம், அறுந்து வராத கம்பி, பழுதானால் சரிசெய்து தரும் வசதி: இந்த நான்கில்தான் கைவேலை ஜெயிக்கும்.

மரம்: அழகைவிட எடை முக்கியம்

மர அறுவை மில்லில் ஒதுக்கிப்போடும் துண்டுகளே ஆரம்பத்துக்குப் போதும். ஒவ்வொரு மரத்தின் எடையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ளவை காய்ந்த மரத்தில் கன சென்டிமீட்டருக்குத் தோராயமான கணக்கு.

ஏழிலைப்பாலை, 0.4 கிராம். மென்மையானது, சீவ எளிது. கற்றுக்கொள்பவருக்கு இதுவே முதல் மரம்.

குமிழ், 0.5 கிராம். கதகளிக் கிரீடம் செய்யும் மரம். எளிதில் கோணாது, திருகாணியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். கழிமுக லூருக்கு ஏற்றது.

முள்முருங்கை, 0.3 கிராமை ஒட்டி. நன்றாக மிதக்கும், ஆனால் நகம் பட்டாலே பள்ளம் விழும், பூச்சி அரிக்கும். மூடிப் பூசுவதில் கஞ்சத்தனம் கூடாது.

ரப்பர் மரம், 0.6 கிராம். நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம் பக்கம் மலிவு. மருந்தேற்றாத துண்டில் பூசணம் பிடிக்கும்.

தேக்கு, 0.65 கிராம். கனமான கடல் பாப்பருக்கு நல்லது. அதன் எண்ணெய்ப்பசையை அசிட்டோன் தொட்டுத் துடைத்த பிறகே பூச்சு ஒட்டும்.

எந்த மரமானாலும் ஈரம் வற்றியிருக்க வேண்டும். துண்டை வாரம் ஒருமுறை எடைபோட்டு எழுதுங்கள்; எடை குறைவது நின்ற பிறகு உளியைத் தொடுங்கள். ஈரத்தோடு பூசிய மரம் உள்ளேயிருந்து வெடிக்கும். வாடிக்கையாளர் வண்ணத்தைக் குறை சொல்வார்.

கட்டை சதுரமாக இருக்கும்போதே துளையிடுங்கள்

புதியவர்கள் முதலில் உடலை உருட்டிவிட்டு, பிறகு துளை எங்கே என்று தேடுவார்கள். உருண்ட பொருளில் நடுக்கோடு கிடைக்காது. வரிசை இதுதான்:

1. கட்டையை நான்கு பக்கமும் சதுரமாக இழைத்து, எல்லாப் பக்கத்திலும் நடுக்கோடு போடுங்கள்.
2. தகரத்திலோ பழைய பிளாஸ்டிக் அட்டையிலோ வெட்டிய அச்சைவைத்துப் பக்கவாட்டு உருவத்தை வரையுங்கள். இந்த அச்சுதான் உங்கள் முதல் சொத்து.
3. உதட்டுக்கான வெட்டு, ஈயத்துக்கான குழி, கம்பிக்கான பள்ளம் எல்லாவற்றையும் இந்தக் கட்டத்திலேயே முடியுங்கள்.
4. பிறகு உருவத்தை வெட்டி, மூலைகளைச் சீவி எட்டுப் பட்டையாக்கி, கடைசியில் உப்புத்தாளால் உருட்டுங்கள்.

சின்ன லூருக்குத் திருகு கொக்கி போதும். பாரைக்கும் செம்பல்லிக்கும் மூக்கிலிருந்து வால்வரை ஒரே கம்பியாக ஓட வேண்டும். 1 முதல் 1.2 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை வளைத்து வயிற்றுப் பள்ளத்தில் பதித்து எபாக்சியால் மூடுங்கள். மரம் உடைந்தாலும் மீன் கம்பியோடு வரும்.

எடைக் கணக்கு

தொழிலின் மையம் இதுதான். ஒரு கன செ.மீ. நன்னீரின் எடை ஒரு கிராம். உங்கள் லூர் 20 கன செ.மீ. இடத்தை அடைக்கிறது என்றால், மொத்த எடை 20 கிராமைத் தாண்டியதும் மூழ்கும். கன அளவு தெரிய, தண்ணீர் ஊற்றிய அளவுக் குடுவையில் மரத்தை ஊசியால் அமுக்கி மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள்.

ஏழிலைப்பாலையில் செய்த 20 கன செ.மீ. உடல் 8 கிராம். முள்ளும் வளையமும் 4, உதடும் கம்பியும் 2, பூச்சு எல்லாம் சேர்ந்து 1.5. கூட்டினால் 15.5. ஈயத்துக்கு மீதி 4.5 கிராம். 3 கிராம் வைத்தால் மிதக்கும், 4.5 வைத்தால் நீருக்குள் நின்ற இடத்திலேயே நிற்கும். 6 வைத்தால் மூழ்கும். கடல்நீர் கொஞ்சம் கனம் என்பதால் அங்கே அதே உடல் 20.5 கிராம்வரை தாங்கும். பூவாற்றில் மெல்ல மிதப்பது வெள்ளாயணியில் மூழ்க அந்த அரை கிராம் போதும். ஆகவே நன்னீருக்கா உப்புநீருக்கா என்பதைப் பெட்டியின்மேல் எழுதுங்கள்.

ஒரே மரத்தில் வெட்டிய பத்துக் கட்டைகளும் ஒரே எடை இருக்காது. அதனால் எல்லாவற்றிலும் ஒரே அளவு ஈயம் வைப்பது தவறு. உருட்டி முடித்த ஒவ்வொரு உடலையும் எலக்ட்ரானிக் தராசில் போடுங்கள். இலேசானதில் ஈயத்தைக் கூட்டி, கனமானதில் குறைத்து, முடிவெடையைச் சமமாக்குங்கள். ரொம்ப விலகிய கட்டையை வேறு மாதிரிக்கு ஒதுக்கிவிடுங்கள். பத்தும் ஒன்றுபோல நீந்துவதில் பாதி இரகசியம் இதுதான்.

ஈயம் எங்கே உட்கார்கிறது என்பதும் முக்கியம். வயிற்றில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக. வாலில் வைத்தால் தூரம் போகும். உதடு வைத்த மீனில் அது ஆட்டத்தைக் கெடுக்கும். பதிப்பதற்கு முன்பு ஈயத்தையும் முள்ளையும் ரப்பர் வளையத்தால் உடலோடு கட்டித் தொட்டியில் விட்டுப் பாருங்கள்.

உதடும் ஆட்டமும்

உதட்டை ஒன்றரை மி.மீ. பாலிகார்பனேட் தகட்டில் வெட்டலாம். உடலின் நேர்க்கோட்டில் முன்னால் நீண்டிருந்தால் ஆழமாகப் பாயும். கீழ்நோக்கிச் செங்குத்தாக நின்றால் மேல்மட்டத்திலேயே அகலமாக ஆடி வரும். கோணத்தைக் கண்ணால் தீர்மானிக்காதீர்கள். அதற்கும் ஒரு அச்சு வேண்டும்.

இந்த ஆட்டத்தால்தான் உலகப்புகழ் பெற்ற ஒரு நிறுவனமே எழுந்தது. ஃபின்லாந்தின் லௌரி ராப்பலா ஏரி மீனவர். கூட்டமாகப் போகும் சிறுமீன்களில் தடுமாறி ஆடும் ஒன்றையே பெரிய மீன் தேர்ந்து அடிப்பதைக் கவனித்தார். 1936இல் தக்கையைச் செதுக்கி, மிட்டாய் சுற்றிய பளபளப்புத் தாளை ஒட்டி, புகைப்பட நெகடிவை உருக்கி மேல்பூச்சாகப் பூசினார். கையில் கிடைத்ததுதான் மூலப்பொருள். 1962 ஆகஸ்டில் அமெரிக்காவின் 'லைஃப்' இதழ் எழுதிய பிறகு தேவை பொங்கியது. ஒவ்வொன்றையும் தண்ணீரில் இழுத்துப் பார்த்தே அனுப்புவது அந்த நிறுவனத்தின் பழக்கம்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். வீட்டுச் சிமெண்டுத் தொட்டியில் மிதப்பைப் பாருங்கள். ஆட்டத்தைப் பார்க்க நீளமான தண்ணீர் வேண்டும். அருவிக்கரை நகரத்தின் குடிநீர் அணை, பேப்பாறை வனவிலங்குச் சரணாலயம், இரண்டையும் விட்டுவிடுங்கள். இழுக்கும்போது லூர் வலப்பக்கம் ஓடினால் மூக்கு வளையத்தை இடப்பக்கமாக இம்மியளவு வளையுங்கள்; இடப்பக்கம் ஓடினால் வலப்பக்கமாக. நேராக வரும்வரை பெட்டியில் போடக்கூடாது.

வண்ணம்

முதலில் மூடுபூச்சு. நீர்த்த எபாக்சி அல்லது சாண்டிங் சீலரில் முக்கி எடுத்து, காய்ந்ததும் தேய்த்து, மறுபடி முக்குங்கள். துளைகளின் உள்ளேயும் போக வேண்டும். அதன்மேல் வெள்ளை அடிப்பூச்சு. வெள்ளை இல்லாவிட்டால் மற்ற நிறங்கள் மங்கும்.

பிறகு முதுகு இருண்டும் வயிறு வெளுத்தும் இருக்கட்டும். இரைமீன்கள் அப்படித்தான் இருக்கின்றன. செதில் வேண்டுமென்றால் கொசுவலைத் துண்டை இறுக்கிக் கட்டி மேலே தெளியுங்கள். வெள்ளிப் பளபளப்புக்கு அலுமினியத் தாளை அரத்தின்மேல் வைத்து அழுத்தி ஒட்டலாம்.

கடை லூர்களில் வெளிநாட்டு நீர்களின் மீன் நிறம்தான் அதிகம். நீங்கள் நம் நீரைப் பாருங்கள். கழிமுகத்துக்கு மடவையும் நெத்திலியும். கடலுக்குச் சாளை. வாய்க்காலுக்கு, தலையில் வெள்ளிப்பொட்டு மின்னும் மானத்துக்கண்ணி. சந்தையில் வாங்கி வெயிலில் வைத்துப் படமெடுத்து, நிறக் கலவையை அளவோடு எழுதிவையுங்கள். "போன தடவை போட்ட பச்சை" என்று ஒருவர் கேட்டால் குறிப்பேடு பதில் சொல்ல வேண்டும்.

மேல்பூச்சு இரண்டு பாக எபாக்சி. பூசியதும் நிற்கவைத்தால் வழிந்து ஒரு பக்கம் குண்டாகும். நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று மெல்லச் சுழலும் மோட்டாரில் மாட்டிக் காயவிடுங்கள். திருவனந்தபுரத்தின் ஈரக்காற்று இதற்குப் பகை. ஜூன் மழையிலும் ஐப்பசி மழையிலும் எபாக்சி பால்போல் வெளுக்கும், பிசுபிசுக்கும். மழை மாதங்களில் கட்டை வெட்டு, துளை, கம்பி வேலைகளை முடித்து அடுக்கிவைத்து, டிசம்பர் முதல் மே வரை பூச்சு வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுத் திட்டமே இதைச் சுற்றித்தான்.

வீடும் உடம்பும்

கரமனை அக்ரகார வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. உங்கள் மரத்தூளும் தின்னர் வாசனையும் பக்கத்து வீட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விடும். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், பின்கட்டில் வேலை: இந்த மூன்றும் சண்டையைத் தவிர்க்கும். மாநகராட்சி உரிமம் வேண்டுமா என்பதை ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.

மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு. என்95 முகக்கவசம் இல்லாமல் தேய்க்காதீர்கள். எபாக்சி கையில் படப்பட ஒவ்வாமை வரும்; ஒருமுறை வந்தால் தொழிலையே விடவேண்டிவரும், கையுறை போடுங்கள். கார்களுக்கு அடிக்கும் ஹார்டனர் கலந்த கிளியரை வீட்டில் தெளிக்கவே கூடாது. அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமா வரவழைக்கும். ஈயத்தை வீட்டில் உருக்காதீர்கள், கடையில் ஈயக்குண்டாகவே கிடைக்கிறது. தொட்ட கையைக் கழுவிவிட்டே சாப்பிடுங்கள்.

விலை: கடைக்காரர் பங்கையும் சேர்த்து

கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மரம், முள், கம்பி, உதடு, வண்ணம், பெட்டி எல்லாம் ஒரு லூருக்கு 150 ரூபாய். இருபதை ஒரே தொகுதியாகச் செய்ய 30 மணி நேரம். ஒன்றுக்கு ஒன்றரை மணி. மணிக்கு 120 ரூபாய் கூலி போட்டால் 180. பத்தில் ஒன்று வீணாகும், அதற்கு 33. மின்சாரம், தேய்மானத்துக்கு 37. அடக்கம் 400.

நேரடியாக 600க்கு விற்றால் கையில் 200 மிஞ்சும். தூண்டில் கடைக்காரர் 30 சதவீதம் கேட்டால் உங்களுக்கு வருவது 420, மிச்சம் 20. பலர் இங்கேதான் கவிழ்கிறார்கள். கடைக்கும் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், முதல் நாளிலேயே அந்தப் பங்கைச் சேர்த்து விலை வையுங்கள். பிறகு ஏற்றுவது கடினம்.

மாதம் 40 உருப்படி நேரடியாக விற்றால் கூலியும் லாபமும் சேர்ந்து 15,200 ரூபாய். குடும்பம் நடத்த இது போதாது. அதனால் பக்க வருமானம் வேண்டும்: பழைய லூருக்கு மறுபூச்சு, முள் மாற்றுதல், வண்ணம் பூச ஆசைப்படுகிறவர்களுக்கு வெறும் உடல் விற்பது, வார இறுதி வகுப்பு. ஏர்பிரஷ் கை வந்துவிட்டால் ஹெல்மெட், மாதிரிப் பொருள் வேலைகளும் தேடி வரும்.

பதிவு, கடன், வரி

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். பணம் கேட்கும் இணையதளம் அரசுடையது அல்ல.

மத்திய அரசின் பி.எம். விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பர் 17இல் தொடங்கியது. 18 தொழில்களில் தச்சு, படகு கட்டுதல், மீன்வலை செய்தல் உண்டு. லூருக்குத் தனி இடமில்லை. கைக்கருவியோடு தச்சு வேலை பார்ப்பவர் அந்தப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். கருவிக்கு 15,000 ரூபாய், 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம்வரை கடன். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே கிடைக்கும். அரசு ஊழியரும் அவர் குடும்பத்தாரும் விண்ணப்பிக்க முடியாது. உத்தியோகக் குடும்பங்கள் நிறைந்த கரமனையில் இந்த நிபந்தனை பலரைத் தடுக்கும். அவர்கள் முத்ரா கடனைப் பார்க்கலாம். அதன் முதல் படியான சிசுவில் 50,000 ரூபாய்வரை கிடைக்கும்.

ஜி.எஸ்.டி.யில் ஒரு பொறி இருக்கிறது. மாநிலத்துக்குள் விற்கும்போது விற்றுமுதல் வரம்புவரை பதிவு தேவையில்லை. வேறு மாநிலத்துக்குப் பொருள் அனுப்பினால், பட்டியலிட்ட சில கைவினைப் பொருள்கள் நீங்கலாக, முதல் உருப்படிக்கே பதிவு வேண்டும். கரமனையிலிருந்து நேரே போகும் சாலையில் சுமார் 30 கி.மீ.யில் களியக்காவிளை, அது தமிழ்நாடு. நாகர்கோவில் வாடிக்கையாளருக்குக் கூரியர் போடுவதற்கு முன்பு கணக்காளரைக் கேளுங்கள். வரிப் பட்டியலில் தூண்டில் சாமான்களின் தலைப்பு எண் 9507.

வெளிநாட்டுக்கு அனுப்ப ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி இறக்குமதி எண் வேண்டும், விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய். அமெரிக்காவில் தூண்டில் சாமான்கள்மீது 10 சதவீத உற்பத்தி வரி உண்டு, அதை அங்கே இறக்குமதி செய்பவர் கட்டுவார். அவர் பேரம் பேசும்போது அதுவும் அவர் கணக்கில் இருக்கும்.

விற்பது எப்படி, இப்போதைய வேலையை எப்போது விடலாம்?

விற்பனைக்கு அழகான படத்தைவிட நீருக்கடியில் லூர் ஆடும் இருபது விநாடி வீடியோ உதவும். பெட்டியில் எடை, நீளம், மிதக்குமா மூழ்குமா, எவ்வளவு ஆழம் போகும் என்று எழுதுங்கள். தூண்டில் கம்பின்மேல் எழுதியிருக்கும் எடை வரம்போடு ஒப்பிட்டே வாங்குவார்கள். முதல் உருப்படிகளை நன்றாக மீன்பிடிக்கத் தெரிந்த நாலைந்து பேருக்குக் கொடுத்து, எங்கே உடைந்தது என்று கேளுங்கள். பாராட்டைக் கேட்காதீர்கள்.

பாராட்டை நம்பி வேலையை விட வேண்டாம். மழைக்காலமும் சேர்ந்த ஆறு மாதம், ஏற்கெனவே வாங்கியவர்கள் திரும்ப வாங்கியதில் மட்டும் வீட்டுச் செலவு நடந்ததா என்று பாருங்கள். நடந்தால் விடலாம். நடக்காவிட்டால் சனி ஞாயிறு தொழிலாகவே இருக்கட்டும்; அதிலும் தவறில்லை.

பெயர்ப்பலகை, லோகோ, விசிட்டிங் கார்டு எல்லாம் பிறகு. இந்த வாரத்துக்கு இது போதும்: ஒரு மீனைத் தேர்ந்தெடுங்கள், ஒரு அச்சு வெட்டுங்கள், ஏழிலைப்பாலையில் ஐந்து கட்டை செய்து ஐந்தையும் எடைபோட்டுக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.